செடிக்குள் விரால்: ராடு, ரீல் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

கொங்குப் பக்கத்தில் விரால் கிடக்கிற இடமெல்லாம் செடி மூடிய இடம்தான். நொய்யல் தண்ணீர் பாயும் குளங்களில் ஆகாயத்தாமரை. கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீரில் நிரம்பும் குட்டைகளில் சம்பும் கோரையும். அணைகளில் தண்ணீர் ஏறிவிட்டால் பாதி முழுகி நிற்கும் சீமைக்கருவேலம். திறந்த தண்ணீரில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் ஒழுங்காக உழைத்த ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பைச் சுற்றி எடுக்கும் பொறி) இங்கே வந்ததும் தகராறு செய்ய ஆரம்பிக்கும்.

ரீலை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த ராடுங்ணா வாங்கலாம்?” என்றுதான். பல நேரம் வாங்கவே வேண்டியதில்லை. கோளாறு முடிச்சிலோ, தூண்டில் முள்ளின் கூரிலோ, மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ‘டிராக்’ திருகிலோ இருக்கும், பழி மட்டும் ராடு மேல் விழும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், கடைக்குப் போக வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

தூண்டிலோடு கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு, திருப்பூரில் நஞ்சராயன் குளம் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். அங்கே தூண்டில் போடாதீர்கள். மற்ற குளங்களில் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

## முதலில்: கையில் இருப்பது இந்த வேலைக்கான சாமானா?

கடையில் விற்கும் நல்ல ராடுகள் பலவற்றில் ‘பாஸ்’ என்று எழுதியிருக்கும். பாஸ் வட அமெரிக்க மீன், நம் குளங்களில் கிடையாது. ஆனால் அல்லி இலைகளுக்கு மேல் ரப்பர் தவளையை இழுத்து, அடித்த மீனைச் செடியிலிருந்து பிடுங்கி எடுக்கும் அவர்களுடைய முறைதான் நம் விரால் தூண்டிலும். அடர்ந்த செடியில் பாஸ் பிடிக்கச் செய்த ராடு விராலுக்கு அப்படியே ஒத்துப்போகும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே ராடில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். நீளம் 6.5 முதல் 7.5 அடிக்குள், பலம் ‘ஹெச்’ (ஹெவி) அல்லது குறைந்தது ‘எம்ஹெச்’ (மீடியம் ஹெவி), வளைவு ‘ஃபாஸ்ட்’ (நுனிப் பகுதி மட்டும் வளைவது) என்று இருந்தால் சரி. ‘எம்’ (மீடியம்), ‘எம்எல்’ (மீடியம் லைட்) என்றிருந்தால் அது திறந்த தண்ணீருக்கான ராடு. இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் எம்ஹெச் இன்னொரு கம்பெனியின் ஹெச் அளவுக்கு விறைப்பாக இருக்கும். அதனால் அச்சைப் பார்த்ததோடு நிற்காமல் கையில் வளைத்தும் பாருங்கள்.

ரீல் பெய்ட்காஸ்டராக (ராடின் மேல் உட்காரும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் வீசும்போது சுழலும் ரீல்) இருந்தால் 7:1 சுற்று விகிதம் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) வசதி. ஸ்பின்னிங் ரீலாக (ராடுக்குக் கீழே தொங்கும், வீசும்போது ஸ்பூல் சுழலாத ரீல்) இருந்தால் ரீலில் எழுதியிருக்கும் 4000 அளவு. நரம்பு 40 முதல் 50 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு), கருவேல முள்ளுக்குள் போடுகிறவர்களுக்கு 65. இவ்வளவும் ஓரளவு பொருந்தினால் சாமான் சரி. பிரச்சினை கீழே உள்ள ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

## “அடிக்குதுங்ணா, ஆனா மாட்ட மாட்டீங்குது”

அதிகம் வரும் புகார் இதுதான். அடி விழுந்த பிறகு தவளை எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்தே பாதியைச் சொல்லிவிடலாம்.

தவளை காற்றில் பறந்து கரைக்கு வருகிறது. கை முந்திக்கொண்டது. செடிக்கு அடியிலிருந்து வரும் விரால் தவளையோடு சேர்த்து இலையையும் ஒரு வாய் கவ்வும். தண்ணீர் வெடித்த சத்தத்துக்கே இழுத்தால் இலைதான் கிழியும். சத்தம் கேட்டதும் ராடு நுனியைத் தவளைப் பக்கம் தாழ்த்துங்கள், தொய்வைச் சுற்றி எடுங்கள், கையில் கனம் தெரிந்த பிறகு முழுப் பலத்தோடு மேலே இழுங்கள். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணும் நேரம் போதும்.

தவளை நசுங்கி வருகிறது, மேலே பல் தடம் இருக்கிறது, முள் மட்டும் பதியவில்லை. தவளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அமுக்குங்கள். இரண்டு முள்ளின் கூரும் முதுகைத் தாண்டி முழுதாக வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் ரப்பர் கெட்டியாக இருக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்துப் பிசைந்தால் இளகும். அடுத்து, வயிற்றுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பிழிந்து பாருங்கள். தண்ணீர் நிறைந்த தவளை அமுங்காது.

பிறகு முள். கட்டைவிரல் நகத்தின் மேல் கூரை லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் கீறிக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. சின்ன அரத்தால் தீட்டலாம். புதுத் தவளைகளில் கூர் உடம்போடு ஒட்டியே இருக்கும். குறடு வைத்து இரண்டு முள்ளையும் ஒரு நூலிழை அளவு வெளிப்பக்கம் திருப்பினால் மாட்டுவது சட்டென்று கூடும். அதற்கு மேல் திருப்பினால் செடியெல்லாம் மாட்டும்.

முள் குத்துகிறது, பாதி வழியில் கழன்றுவிடுகிறது. ரீலில் நைலான் நரம்பு இருக்கிறதா? நைலான் இழுத்தால் நீளும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. நரம்பின் நுனியை ஒரு மரத்தில் கட்டிவிட்டு இருபது, முப்பது அடி தள்ளி நின்று ராடை இழுத்துப் பாருங்கள். நைலானில் நீங்கள் கொடுக்கும் இழுப்பில் ஒரு பங்கு நரம்பு நீள்வதிலேயே போய்விடுவது கையில் தெரியும். நரம்பை மாற்றினாலே இந்தப் புகார் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ராடை மாற்றுவதைவிட இது மலிவு.

பிரெய்டும் போட்டாயிற்று, கூரும் இருக்கிறது, இன்னும் கழல்கிறது. இப்போதுதான் ராடைச் சந்தேகப்பட வேண்டும். நண்பர் ஒருவரிடம் நல்ல ஹெச் ராடு இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே எடையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். உங்கள் ராடு கைப்பிடிக்குப் பக்கம் வரை வளைந்து போகிறது, அவருடையது மேல் பகுதியோடு நின்றுவிடுகிறது என்றால் உங்களுடையது இந்த வேலைக்கு மெலிந்த ராடுதான்.

இதில் சாமானுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போகிற இடத்தில் தவளையைப் போட்டால் தாய் மீனும் தகப்பன் மீனும் முட்டித் தள்ளும், பெரும்பாலும் கவ்வாது. குஞ்சுகளிடமிருந்து விரட்டுவதற்காக அடிக்கும் அடி அது. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய மீனைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் கெளுத்தியும் அன்றைக்கே தின்று தீர்த்துவிடும், அடுத்த வருடம் அந்தக் குளத்தில் உங்களுக்கே மீன் இருக்காது.

## மாட்டிய மீன் செடிக்குள் புகுந்துகொள்கிறது

முதலில் ஒரு கேள்வி: மீன் இழுக்கும்போது ரீலில் என்ன நடக்கிறது?

டிராக் கிர்ரென்று ஓடுகிறது. இறுக்கம் போதாது. பயணப் பெட்டி எடை போடும் கைத்தராசு ஒன்று வாங்கி வையுங்கள், இந்த வேலைக்கு அதைவிட உதவும் கருவி இல்லை. நரம்பின் நுனியைத் தராசின் கொக்கியில் கட்டி, ராடை நரம்புக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, தராசை இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். 50 பவுண்டு பிரெய்டு சுமார் 23 கிலோ தாங்கும். செடிக்குள் போடுகிறவருக்கு 4 முதல் 5 கிலோ இழுப்பில்தான் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து ‘டைட்டாத்தான் இருக்கு’ என்று சொல்கிறவர்களின் ரீல் தராசில் ஒன்றரை கிலோவுக்கே ஓடும்.

டிராக் ஓடவில்லை, கைப்பிடியும் சுற்றுகிறது, ஆனால் நரம்பு வரவில்லை. பிரெய்டு மொத்தமாக ஸ்பூலின் மேல் வழுக்குகிறது. வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகச் சுற்றினால் முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். உறுதி செய்துகொள்ள, டிராக்கை முழுக்க முறுக்கிவிட்டு, நரம்பைத் தொடாமல் ஸ்பூலின் விளிம்பைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நரம்புக் கட்டு மட்டும் சுழன்றால் இதுதான். எல்லாவற்றையும் கழற்றி, அடியில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் நரம்பு சுற்றி, அதோடு பிரெய்டை முடிந்து மறுபடி சுற்றுங்கள். அவசரத்துக்கு ஸ்பூல் மேல் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டினாலும் பிடித்துக்கொள்ளும்.

டிராக் திருகு கடைசி வரை முறுக்கியும் வழுக்குகிறது. டிராக் வாஷரில் எண்ணெய் இறங்கியிருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். ஸ்பின்னிங் ரீலில் மேல் திருகைக் கழற்றினாலே வாஷர் தெரியும். எடுத்துத் துடைத்து, அடுக்கின வரிசை மாறாமல் திருப்பிப் போடலாம். பெய்ட்காஸ்டரில் அது பக்கவாட்டு மூடிக்குள் பிரதான கியரோடு இருக்கும். முன்னே கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எதுவும் வழுக்கவில்லை, ஆனாலும் மீன் போய்விட்டது. முதல் இரண்டு மூன்று நொடிதான் எல்லாம். முள் பதிந்த வேகத்திலேயே ராடை உயர்த்தி வைத்து, மீனின் தலை திரும்புவதற்குள் சுற்ற வேண்டும். இங்கே மீனை விளையாட விடும் பேச்சே இல்லை. உங்கள் கை வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் நரம்பு போதுமான வேகத்தில் வரவில்லை என்று தோன்றினால் ஒரு அளவு டேப் எடுங்கள். கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எத்தனை செ.மீ. நரம்பு உள்ளே வருகிறது என்று அளந்து பாருங்கள். 70 செ.மீ. அளவில் வந்தால் நல்லது. 50 பக்கம் நின்றால் அது மெதுவான ரீல், செடிக்கு ஒத்துவராது. ஸ்பூலில் நரம்பு பாதிதான் இருந்தாலும் இந்த அளவு குறையும், அதனால் ரீலைப் பழிக்கும் முன் ஸ்பூலை நிரப்பிவிட்டு இன்னொரு முறை அளங்கள்.

ஏற்கெனவே புகுந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். முள் ஓட்டை பெரிதாகிக் கழன்றுவிடும். நரம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு கரையில் பத்தடி இடமோ வலமோ நகர்ந்து, வேறு கோணத்தில் சீராக இழுங்கள். ஆகாயத்தாமரைக் கொத்தோடு சேர்ந்தே வரும், வரட்டும். அசையவே இல்லை என்றால் நரம்பைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன், அடியிலேயே கிடக்க முடியாது. நகர ஆரம்பித்ததும் நரம்பு அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அந்த நொடியில் சுற்றுங்கள்.

## நரம்பு அறுந்துபோகிறது

அறுந்த நுனியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

நுனி பன்றி வாலாகச் சுருண்டிருந்தால் அறுந்தது நரம்பு அல்ல, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. பிரெய்டுக்கு நைலானில் போடும் சாதா முடிச்சு நிற்காது. பாலோமர் முடிச்சு போடுங்கள். நரம்பை மடித்து இரட்டையாகத் தவளையின் முன்பக்கக் கம்பி வளையத்துக்குள் விட்டு, ஒரு தளர்ந்த முடிச்சு போட்டு, அந்த மடிப்பு வளையத்துக்குள் தவளை முழுவதையும் நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு பக்கமும் சீராக இழுத்து இறுக்க வேண்டும். இருட்டில்கூடப் போட்டுவிடலாம்.

நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தால் உரசல். கருவேல முள், ஏரிக்கரையில் அடுக்கிய கருங்கல், பாலத்தடியில் கான்கிரீட் விளிம்பு. தவளைக்கு மேல் இரண்டு மீட்டர் நரம்பை விரல் நகங்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டும் இடம் வரை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். தினமும் கிளம்பும் முன் இதைச் செய்வது நல்லது. உங்கள் இடம் முள்ளும் கல்லுமாக இருந்தால் எட்டு இழை பிரெய்டைவிட நான்கு இழை பிரெய்டு தாங்கும். எட்டு இழை வழவழப்பாக இருக்கும், தூரம் போகும், ஆனால் ஒவ்வொரு இழையும் மெல்லியது.

கத்தியால் வெட்டியது போல் சுத்தமாக இருந்து, அதுவும் திரும்பத் திரும்ப நடந்தால், ராடின் வளையங்களைப் பாருங்கள். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் பட்டை ராடு எங்காவது விழுந்தபோது கீறல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை மாட்டுகிற வளையம்தான் குற்றவாளி. அந்த ஒரு வளையத்தை மட்டும் மாற்றித் தர ராடு வேலை தெரிந்தவர் இருக்கிறார். நுனி வளையமாக இருந்தால் லேசாகச் சூடு காட்டி உருவி, அதே அளவு வளையத்தை உருகு பசை வைத்து நீங்களே ஒட்டலாம். நடு வளையங்கள் நூல் சுற்றி மேலே எபாக்சி பூசியவை, அதை வீட்டில் முயல வேண்டாம்.

தவளையிலிருந்து வெகு தூரம் தள்ளி, ரீலுக்குப் பக்கத்திலேயே அறுந்தால், முன்னே எப்போதோ ரீலில் சிக்கு விழுந்த இடத்தில் இழை வெட்டுப்பட்டிருக்கும். புது நரம்புக்கு ஓட வேண்டாம். எல்லா நரம்பையும் உருவி, தலைகீழாகச் சுற்றுங்கள். ஸ்பூலின் அடியில் தண்ணீரே பார்க்காமல் கிடந்த பாதி இப்போது மேலே வந்துவிடும். பிரெய்டின் நிறம் வெளுத்துப்போவது கோளாறு இல்லை, சாயம்தான் போகிறது.

## வீசும்போது ரீலில் சிக்கு விழுகிறது

பெய்ட்காஸ்டர் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். தவளையை நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, பட்டனை அழுத்துங்கள். தவளை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். தொட்ட பிறகும் சுற்றினால் கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் முறுக்குங்கள். மறுபக்கத்துக் காந்தப் பிரேக்கை முதலில் அதிகத்தில் வைத்து, கை பழகப் பழகக் குறையுங்கள். தவளை தண்ணீரில் விழும் நொடியில் ஸ்பூல் மேல் கட்டைவிரல் படிந்திருக்க வேண்டும். இதை எந்தத் திருகும் உங்களுக்காகச் செய்யாது.

ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை பக்கத்துக் கரைகளில் நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றை எதிர்த்து வீசினால் நல்ல ரீலும் சிக்கும். மேற்குக் கரைக்குப் போய்க் காற்று முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள், அல்லது பிரேக்கை இரண்டு எண் கூட்டுங்கள்.

ஸ்பின்னிங் ரீலில் சிக்கு விழுந்தால் காரணம் வேறு. ஸ்பூல் விளிம்பு வரை நரம்பு நிறைத்திருந்தால் சுருள் சுருளாகக் கிளம்பும், 2 மி.மீ. இடம் விடுங்கள். வீசிய பிறகு, ஸ்பூலுக்கு முன்னால் திறந்து மூடும் வளைந்த கம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள், மூடியதும் நரம்பை ஒரு முறை இழுத்துவிடுங்கள். முதன்முதலில் நரம்பு சுற்றும்போது ஈரத் துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்றாமல் விட்டிருந்தால் எல்லாவற்றையும் உருவிப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

## தூரம் போகவில்லை

ராடில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். 15 முதல் 40 கிராம் என்று போட்டிருக்கும் ராடில் 8 கிராம் தவளையைக் கட்டினால் நுனி வளையவே வளையாது, பிறகு எங்கே போகும்? 15 முதல் 18 கிராம் தவளை கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அத்தோடு சரி. இல்லையென்றால் ஸ்பூலில் நரம்பு குறைந்திருக்கிறதா, பிரேக் அதிகமாக இருக்கிறதா, தேவைக்கு மீறி 80 பவுண்டு பிரெய்டு சுற்றியிருக்கிறீர்களா என்று அடுத்தடுத்துப் பாருங்கள். ராடை மாற்ற வேண்டிய தேவை இந்தப் புகாரில் அரிது. கிளை தாழ்ந்த கரையில் 7.5 அடி ராடை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்கு 6.5 அடி ராடு நல்லது.

வீசுவதற்கு முன் மேலே பாருங்கள். வாய்க்கால் ஓரத்திலும் தோட்டங்களுக்கு நடுவிலும் மின்கம்பி தாழ்ந்து போகும். இந்த ராடெல்லாம் கார்பன், மின்சாரம் பாயும். கம்பிக்குக் கீழே ராடை நிமிர்த்திப் பிடிப்பதுகூட ஆபத்து. இடி மின்னல் தொடங்கினால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகி வாருங்கள்.

## தவளை செடியில் மாட்டிக்கொண்டது, ராடு உடைந்துவிட்டது

ராடு மீனால் உடைவது குறைவு. மாட்டிக்கொண்ட தவளையை ராடை வளைத்து இழுக்கும்போதுதான் உடையும். முதலில் நரம்பைத் தளர்த்தி நுனியைப் படபடவென்று ஆட்டுங்கள், பாதி நேரம் உருண்டு வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் ராடைத் தவளைக்கு நேராக நீட்டி, வளைவே இல்லாமல், ஸ்பூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். பிரெய்டை வெறுங்கையில் சுற்றாதீர்கள், எலும்பு வரை அறுக்கும். ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி இழுங்கள்.

தவளைக்காகத் தண்ணீருக்குள் இறங்குகிற பழக்கம் நம் பக்கம் அதிகம். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, அணைக்குப் பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் முதலை உண்டு, அதன் கரைக்கு யானையும் தண்ணீர் குடிக்க வரும். குளங்களில் முதலை இல்லாவிட்டாலும் ஆகாயத்தாமரைக்கு அடியில் சேறு எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது, வேர் காலைப் பின்னிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் தவிப்பார். நரம்பை அறுத்துவிட்டு வேறு தவளை கட்டுங்கள்.

மீனைத் தூக்கும்போது உடைந்தது என்றால், ராடைச் செங்குத்தாக நிமிர்த்தி மீனைக் காலடியில் வைத்துத் தூக்கியிருப்பீர்கள். அந்த நிலையில் கனம் முழுவதும் நுனி ஒரு சாணில் விழும். விராலை வலையில் தூக்குங்கள். நுனியில் இரண்டு மூன்று அங்குலம் போயிருந்தால் மேலே சொன்னபடி நுனி வளையம் வைத்து ஓட்டலாம். நடுவில் முறிந்த ராடை ஒட்டித் தரச் சொல்லி அலையாதீர்கள், செடிக்குள் அது மறுபடி அங்கேயே முறியும்.

## ரீல் கரகரக்கிறது, கைப்பிடி பின்னால் சுற்றுகிறது

கரகர சத்தம். முதலில் ஆகாயத்தாமரை வேரைத் தேடுங்கள். நரம்போடு ஒட்டி வரும் மயிர் போன்ற வேர், பெய்ட்காஸ்டரில் நரம்பை இடமும் வலமும் நகர்த்தும் திருகுத் தண்டில் சுற்றிக்கொள்ளும். ஸ்பின்னிங்கில் நரம்பு திரும்பும் உருளையில். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். சேறு பட்டால் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், குழாயை நேராகப் பிடித்து அடித்தால் மண் உள்ளே போய்விடும்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் ஊர் மார்கழி விடியலில் ரீல் சுற்றவே சுற்றாது. துருவை விடுவிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், கியரில் இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும்.

சும்மா சுற்றினால் சத்தமில்லை, கனம் வைத்தால் கரகரக்கிறது. ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பல் தாண்டுவது கையில் தட்டினால் கியர் தேய்ந்துவிட்டது. இதற்குக் கைவைத்தியம் இல்லை.

கைப்பிடி பின்னால் சுற்றுகிறது. ஒருபக்கம் மட்டும் சுற்ற விடும் உருளை பேரிங்கில் கிரீஸ் அதிகமாகியிருந்தால் குளிர்ந்த காலையில் அப்பப்போ வழுக்கும். சுத்தம் செய்து ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் சரியாகும். எந்த நேரமும் வழுக்கினால் பேரிங்கை மாற்ற வேண்டும்.

கடைசி இரண்டும் சர்வீஸ் தெரிந்தவரின் வேலை. கோவையில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிறது, நம் ஆட்கள் எதையும் கடைந்து தந்துவிடுவார்கள். கைப்பிடித் திருகு, வாஷர், குமிழ் எல்லாம் தாராளமாக அங்கே செய்துகொள்ளலாம். கியரை மட்டும் அந்த ரீலுக்கு உரிய கம்பெனிப் பாகமாகவே போடுங்கள். பல்லின் சாய்வு துளி மாறினாலும் ஜோடிக் கியரையும் சேர்த்துத் தின்றுவிடும். பாகத்தின் விலையும் கூலியும் சேர்ந்து புது ரீல் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாக வாங்கிவிடுவது மேல்.

## வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல பிரெய்டு, அடுத்து ராடு, கடைசியில் ரீல். நல்ல பிரெய்டு சுற்றிய பழைய ரீலும் ஒழுங்கான ஹெச் ராடும் சேர்ந்தால் விராலைச் செடியிலிருந்து எடுத்துவிடலாம். மெலிந்த ராடில் விலையுயர்ந்த ரீலை மாட்டினால் முடியாது.

கடையில் ராடை வெறுமனே ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ரீலையும் தராசையும் எடுத்துப் போங்கள். ரீலை மாட்டி, வளையங்கள் வழியாக நரம்பை விட்டு, தராசைக் கடைப் பையன் பிடிக்க, மெல்ல இழுத்துப் பாருங்கள். நுனி தாராளமாக வளைய வேண்டும், அடிப்பாதி விறைப்பாக நிற்க வேண்டும். பஞ்சுக் குச்சிச் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். பைக்கில் போகிறவர்கள் இரண்டு துண்டு ராடே வாங்குங்கள், இரண்டு துண்டும் சேரும் இணைப்பை அழுத்திச் செருகி அசைத்துப் பார்த்து, ‘டிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். ரீல் என்றால் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குக் கியரும் டிராக் வாஷரும் தனியாகக் கிடைக்குமா? கடைக்காரர் யோசித்தால் அடுத்த ரீலைக் காட்டச் சொல்லுங்கள்.